அரை மாத்திரைக்கும் கீழே: மருந்தைக் குறைக்கும்போது அளப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து டவுனுக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் கவுண்டரில் அடிக்கடி கேட்பது இது: "கொஞ்சம் கொஞ்சமா குறைக்கச் சொல்லிட்டாரு டாக்டரு. ஒன்னுல இருந்து அரைக்கு வந்தாச்சு. அரைக்குக் கீழ எப்படிய்யா போறது?" மருந்துப் பையின் லேபிளில் 'செத்தெங்கா பீஜி', அதாவது அரை மாத்திரை, என்பதோடு எழுத்து நின்றுவிடும். கால் மாத்திரை வரை வீட்டில் பிளேடை வைத்துச் சமாளிக்கிறார்கள். அதற்குப் பிறகு வழி தெரியாமல், "இவ்வளவு சின்னதுல என்ன இருக்கப் போவுது" என்று மொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் தலை சுற்றல், தூக்கமின்மை, படபடப்பு, உடம்பில் மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு சுளீர். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து முழு மாத்திரைக்கே ஓடுகிறார்கள். பெரும்பாலும் அது நோய் இல்லை, சட்டென்று நிறுத்தியதன் விளைவு.

மருந்தாளருக்குப் பக்கத்தில் நின்று மருந்து எடுத்துக் கொடுத்தே என் வேலைக்காலம் போனது. அங்கே கற்றதை, முதல்முறை மருந்தைக் குறைப்பவர்களுக்காக எழுதுகிறேன். டாக்டர் சம்மதித்து, குறைக்கும் திட்டத்தை எழுதிக் கொடுத்த பிறகு படிக்க வேண்டிய கட்டுரை இது. திட்டம் இல்லாதவர்கள் முதலில் கிளினிக்குக்குப் போய்விட்டு வாருங்கள். வலிப்பு மருந்து, இதய மருந்து, லித்தியம் எடுப்பவர்கள் இதை வீட்டில் செய்யவே கூடாது. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டை வாரக்கணக்கில் எடுத்தவர்களுக்கு அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், திடீரென்று நிறுத்தினால் ஆளே சாய்ந்துவிடலாம். அதற்குத் தனிக் கணக்கு உண்டு. நான் முக்கியமாகப் பேசப்போவது மனச்சோர்வு மருந்துகளையும், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் டயாசிபம், அல்பிரசோலம், குளோனாசிபம் வகையறாவையும் பற்றி.

ஆரம்பிக்கும் முன் ஊர்க்கதை ஒன்று. பேராக்கில் வளர்ந்தவர்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே கேலிதான். 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, இன்றைய ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா, அங்கே இருப்பதால் வந்த கேலி அது. அந்தக் கூச்சத்தில்தான் பலர் மருந்து எடுப்பதையும் மறைக்கிறார்கள், நிறுத்துவதையும் மறைக்கிறார்கள். மருந்தைக் குறைக்கும் காலத்தில் வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் எரிந்து விழுந்தால் ஏன் என்று அவருக்குப் புரியும். அளவைச் சரிபார்க்க இரண்டாவது ஜோடிக் கண்ணும் கிடைக்கும்.

கடைசித் துணுக்கு ஏன் அவ்வளவு பெரிசு

மருந்தின் அளவும் மூளையில் அதன் வேலையும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. 2019-இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்த கட்டுரை இதை எண்களோடு காட்டியது. சிட்டாலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தை 20 மி.கி. எடுத்தால், அது மூளையில் பற்றிக்கொள்ள வேண்டிய இடங்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைப் பற்றிக்கொள்கிறது. அளவைப் பாதிக்கும் கீழே, 9.1 மி.கி.-க்குக் குறைத்தாலும் 70 விழுக்காடு நிற்கிறது. 10 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டுமானால் 0.37 மி.கி. வரை போக வேண்டும். இருபதிலிருந்து பத்துக்கு இறங்குவது சின்னப் படி, ஐந்திலிருந்து சைபருக்கு இறங்குவதுதான் பள்ளம். மாத்திரையை வெட்டி வெட்டிக் குறைப்பவர்கள் கடைசியில் தடுமாறுவது இதனால்தான்.

அதனால் பல வழிகாட்டிகள், அப்போது எடுக்கும் அளவில் இத்தனை விழுக்காடு என்று குறைக்கச் சொல்கின்றன. பெஞ்சோடயசிப்பின்களுக்கு, அதாவது டயாசிபம் வகையறாவுக்கு, அமெரிக்காவில் 2025-இல் வந்த வழிகாட்டி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு என்று தொடங்கலாம், எந்த இரண்டு வாரத்திலும் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. பத்து விழுக்காடு என்றால் 10, 9, 8.1, 7.3 என்று போகும். 8.1-ஐ எந்தக் கத்தியால் வெட்டுவது? வெட்ட முடியாது. அளக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். 10 மி.கி. எடுக்கும்போது 0.5 மி.கி. கூடினாலும் குறைந்தாலும் 5 விழுக்காட்டுப் பிழைதான். 1 மி.கி.-க்கு வந்தபின் அதே 0.5 மி.கி., பாதி மருந்து. கீழே இறங்க இறங்க அளக்கும் முறையை மாற்ற வேண்டியிருப்பது இதனால்தான்.

முதல் வேலை: மருந்தாளரிடம் பேசுவது

மாத்திரையைப் பொடியாக்கலாமா என்று கேட்காமல் பொடியாக்காதீர்கள். பெயருக்குப் பின்னால் எக்ஸ்.ஆர்., எஸ்.ஆர்., சி.ஆர்., எம்.ஆர்., எல்.ஏ. என்று இருந்தால் அது மெதுவாக மருந்தை விடும் மாத்திரை. அதை நசுக்கினால் நாள் முழுக்க வரவேண்டியது ஒரு மணி நேரத்தில் வந்து சேரும். டுலோக்செட்டின், வென்லாஃபாக்சின் எக்ஸ்.ஆர். போன்ற கேப்சூல்களுக்குள் குட்டிக் குட்டி மணிகள் இருக்கும். அவற்றை நசுக்காமல், எண்ணி எடுத்துக் குறைக்கும் முறை உண்டு. ஒரு கேப்சூலுக்கும் இன்னொன்றுக்கும் மணிக்கணக்கு மாறும் என்பதால், சில கேப்சூல்களை எண்ணிச் சராசரி பார்த்து மருந்தாளர் கணக்குப் போட்டுத் தரட்டும். சில மருந்துகளின் பொடி கர்ப்பிணிகள் கையில் படவே கூடாது. அதையும் கேளுங்கள்.

அடுத்த கேள்வி: இதே மருந்து திரவமாக வருகிறதா, அல்லது சிறிய அளவில் மாத்திரை உண்டா? டயாசிபம் 5 மி.கி. மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதிகம், 2 மி.கி.-யும் உண்டு. சில மருந்துகளை அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்தகத்திலேயே மாத்திரையிலிருந்து திரவமாகத் தயாரித்துத் தருவார்கள். நாள் கடந்து கெடாமல், மருந்து அடியில் தங்காமல் இருக்க அதற்கென்று ஒரு கெட்டித் திரவம் சேர்ப்பார்கள். கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கீழே நான் சொல்லப்போவது கிடைக்காதவர்களுக்கு. கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில், 1 ரிங்கிட் கட்டிப் பார்ப்பவர்களுக்கும் இதைக் கேட்க உரிமை உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள். கவுண்டரில் கூட்டமாக இருந்தால், "நாலு மணிக்கு மேல வரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

மாத்திரை தீர்ந்தால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ரெண்டு கடன் வாங்கும் பழக்கம் லயத்து நாட்களிலிருந்தே நம்மிடம் உண்டு. டயாசிபம், அல்பிரசோலம் எல்லாம் 1989-ஆம் ஆண்டு சைக்கோட்ரோப்பிக் விதிமுறைகளின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டவை. சட்டத்தை விடுங்கள், அந்த மாத்திரை வேறு கம்பெனியுடையதாக இருந்தால் எடை வேறு, கரையும் விதம் வேறு. உங்கள் கணக்கே தப்பிப்போகும்.

சிரிஞ்சு முறை

என்னைக் கேட்டால் வீட்டுக்கு இதுதான் ஏற்றது. வேண்டியவை: ஊசி மாட்ட முடியாத, வாய்வழி மருந்துக்கான சிரிஞ்சு இரண்டு (10 மி.லி. ஒன்று, 1 மி.லி. ஒன்று), மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் புட்டி, மாத்திரையைப் பொடியாக்க இரண்டு கரண்டி. 1 மி.லி. சிரிஞ்சில் கோடுகள் 0.01 மி.லி. இடைவெளியில் இருக்கும். டவுன் மருந்துக் கடைகளில் கேட்டால் தருவார்கள். தேக்கரண்டி வேண்டவே வேண்டாம். வீட்டில் இருக்கும் கரண்டிகளில் எது 5 மி.லி. என்று யாருக்கும் தெரியாது. இன்சுலின் சிரிஞ்சையும் எடுக்காதீர்கள். அதில் இருப்பது யூனிட் கணக்கு, 100 யூனிட் 1 மி.லி. அதை மில்லிகிராம் என்று நினைத்துவிட்டால் ஆபத்து. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இந்தக் குழப்பம் லேசாக வரும்.

கணக்கு இதுதான். 10 மி.கி. மாத்திரை ஒன்றை 10 மி.லி. தண்ணீரில் கலந்தால் ஒவ்வொரு மி.லி.-யிலும் 1 மி.கி. இருக்கும். 7.3 மி.கி. வேண்டுமா? 7.3 மி.லி. மாத்திரை 5 மி.கி. என்றால் அதே 10 மி.லி.-யில் மி.லி.-க்கு 0.5 மி.கி. வேண்டிய மருந்தை ஒரு மி.லி.-யில் உள்ள மருந்தால் வகுத்தால் எத்தனை மி.லி. என்று வந்துவிடும். இதை ஒரு அட்டையில் எழுதி, மருந்தாளரிடம் ஒருமுறை காட்டி, சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். தினமும் மனக்கணக்குப் போடாதீர்கள். தசமப் புள்ளிதான் எதிரி: 0.5-ஐ வெறும் '.5' என்று எழுதினால் ஒருநாள் யாராவது 5 என்று படிப்பார்கள்.

இனி செய்முறை. காய்ந்த இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் மாத்திரையை வைத்து மாவாக அழுத்துங்கள். கரண்டியில் ஒட்டிய பொடியையும் சேர்த்துப் புட்டியில் கொட்டுங்கள். ஆறிய கொதிநீரை 10 மி.லி. சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரிலேயே கொஞ்சத்தை எடுத்துக் கரண்டியைக் கழுவி அதே புட்டியில் விடலாம். மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். சில மாத்திரைகள் முழுக்கக் கரையும், பல கரையாது. டயாசிபம் தண்ணீரில் சரியாகக் கரையவே கரையாது, பொடி மிதந்து நிற்கும். கலங்கல் என்றால் பயன்படாது என்று அர்த்தம் இல்லை. ஆனால் அது நிமிடக்கணக்கில் அடியில் இறங்கிவிடும். அதனால் குலுக்கு, மூடியைத் திற, சிரிஞ்சு நுனியைத் தண்ணீரின் நடுமட்டத்தில் வை, உடனே இழு. இடையில் போனை எடுத்துப் பேசினால் மறுபடி குலுக்க வேண்டும்.

இழுத்ததும் சிரிஞ்சை நிமிர்த்தி விரலால் தட்டுங்கள், காற்றுக் குமிழி மேலே வரும். அதைத் தள்ளிவிட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். படிக்க வேண்டிய இடம் எது என்பதில் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறார்கள். உள்ளே நகரும் கறுப்பு ரப்பரில் இரண்டு வளையம் தெரியும். சிரிஞ்சு நுனிக்குப் பக்கத்தில் உள்ள வளையம்தான் கணக்கு. ரப்பரின் தலை கூம்பாக இருந்தால் கூம்பின் முனையைப் பார்க்காதீர்கள், அது சுவரைத் தொடும் விளிம்பைப் பாருங்கள். கோட்டுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோய்ப் படியுங்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு கோடு தள்ளிப்போகும்.

பெரிய அளவில் இருக்கும்போது ஒரு குறுக்கு வழி உண்டு. 9 மி.கி. வேண்டுமென்றால், 1 மி.லி.-யை எடுத்துக் கொட்டிவிட்டு, புட்டியில் மிஞ்சியதைக் குடித்து, தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்துவிடுங்கள். எடுத்த 1 மி.லி.-யில் பொடி கொஞ்சம் கூடக்குறைய வந்தாலும், நீங்கள் குடிக்கும் 9-ல் அது பெரிதாகத் தெரியாது. பாதிக்குக் கீழே வந்தபின் இந்த வழி எதிராகத் திரும்பிவிடும். அப்போது வேண்டியதை நேராக எடுத்துக் குடிப்பதே சரி.

1 மி.கி.-க்குக் கீழே போகும்போது தண்ணீரைக் கூட்டுங்கள். 10 மி.கி. மாத்திரையை 20 மி.லி.-யில் கலந்தால் மி.லி.-க்கு 0.5 மி.கி.; 0.4 மி.கி.-க்கு 0.8 மி.லி. எடுத்தால் போதும். நீங்கள் இழுக்கும் அளவு 0.2 மி.லி.-க்கும் கீழே வந்தால் கரைசல் ரொம்பக் கெட்டி என்று பொருள். சிரிஞ்சு மூக்கில் ஒரு சொட்டு எப்போதும் தங்கும், கோடுகள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 5 மி.லி. குடிக்கும்போது அந்தச் சொட்டு ஒன்றுமில்லை, 0.2 மி.லி.-யில் அதுவே கால் பங்குக்கு மேல் வரலாம். அதனால் சிரிஞ்சைத் தண்ணீரில் அலசிக் குடிக்கும் பழக்கம் வேண்டாம். இதுவரை குடித்து வந்தவர் நடுவில் நிறுத்தவும் வேண்டாம், அடுத்த அளவு மாறும் நாளில் மாற்றிக்கொள்ளலாம்.

கலக்கியதை நாளைக்கு வைக்காதீர்கள். தினமும் புதிதாகக் கலக்குங்கள். நம் ஊர் வெக்கையில் வெறும் தண்ணீரில் கலந்த மருந்து எத்தனை நாள் நிற்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். பிரிட்ஜில் வைத்தால் பிள்ளைகள் கைக்கு எட்டும் என்ற வம்பு வேறு. மிஞ்சியதைப் பயன்படுத்திய காப்பித்தூளில் ஊற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

தராசு முறை

ஆன்லைனில் நகைத் தராசு என்று கையடக்கமாகக் கிடைப்பதில் 0.001 கிராம், அதாவது 1 மி.கி. வரை எண் தெரியும். எண் தெரிவதாலேயே அது துல்லியம் என்று நம்பிவிடுகிறார்கள். மலிவான தராசுகள் ஓரிரு மி.கி. முன்பின் ஆடும்.

பெரிய குழப்பம் மாத்திரையின் எடைக்கும் மருந்தின் அளவுக்கும் இடையில்தான். 10 மி.கி. என்று அட்டையில் போட்ட மாத்திரையைத் தராசில் வைத்தால் 125 மி.கி. காட்டலாம். மீதியெல்லாம் மாவும் பசையும். 9 மி.கி. மருந்து வேண்டும் என்றால் 125-ஐ 9-ஆல் பெருக்கி 10-ஆல் வகுங்கள்: 112.5 மி.கி. எடையுள்ள துண்டு. நகம் தேய்க்கும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து அந்த எடைக்குக் கொண்டுவரலாம். ஒரு மாத்திரையை மட்டும் நிறுக்காமல் பத்தை நிறுத்துச் சராசரி எடுங்கள். அந்த எடை மாத்திரைகள் சராசரியிலிருந்து 7.5 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்க, மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் பிரிட்டிஷ் பார்மகோப்பியாவே இடம் கொடுக்கிறது.

தராசைச் சமதளத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். மேலே விசிறி சுற்றினால் எண் ஒரு இடத்தில் நிற்காது. கூடவே வரும் எடைக்கல்லை ஒவ்வொரு முறையும் வைத்துச் சரிபாருங்கள், அதைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். மழைக்காலத்தில் பொடி ஈரத்தை உறிஞ்சி எடை கூடும் என்பதால் பொடியாக்கிச் சேமித்து வைப்பது வீண். 1 மி.கி. மருந்துக்கு வந்துவிட்டால் நீங்கள் நிறுப்பது 12.5 மி.கி. பொடி. தராசு 3 மி.கி. ஆடினாலே கால்வாசி போய்விட்டது. அந்தக் கட்டத்தில் தராசை மூட்டைகட்டிவிட்டு சிரிஞ்சுக்கு மாறுங்கள்.

மாறும்போதும் ஒரு முறை உண்டு. அளவைக் குறைக்கும் நாளிலேயே அளக்கும் முறையையும் மாற்றாதீர்கள். முதலில் பழைய அளவையே புதிய முறையில் ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். அப்போது ஏதாவது தடுமாற்றம் வந்தால் எதனால் என்று தெரியும். மாத்திரைக் கம்பெனி மாறினாலும் இப்படித்தான். அரசாங்க சப்ளையில் பெட்டியின் நிறம் திடீரென்று மாறும், அன்று கவனம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பது வேறு விஷயம். அது அளப்பதுபோலத் தோன்றினாலும் அளப்பது அல்ல. உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில் அப்படிச் செய்தால் ஒருநாள் ஏற்றம், மறுநாள் இறக்கம். ஃபுளுவோக்செட்டின் போல நீண்ட நாள் தங்கும் மருந்துக்கு டாக்டர் சொன்னால் ஒழிய வேண்டாம்.

நோட்டும் நாட்காட்டியும்

பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். தேதி, எத்தனை மி.கி., எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு, எப்படி இருந்தது. 'தூக்கம் மோசம், தலை லேசாகச் சுற்றியது' என்று ஒரே வரி. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது இந்த நோட்டுதான் பேசும், "எப்பவோ ஒருநாள் முடியல டாக்டர்" என்பதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. குறைத்த பிறகு விளைவு வர ஒரு வாரத்துக்கும் மேல் ஆகலாம். அதனால் முதல் நான்கு நாள் நன்றாக இருந்ததை வைத்து அடுத்த படிக்குத் தாவாதீர்கள்.

தீபாவளி வாரத்திலும் தைப்பூசத்துக்குப் பயணம் போகும் நாட்களிலும் குறைக்காமல் அதே அளவில் நில்லுங்கள். வீடு நிறைய ஆட்கள், தூக்கம் கெடும், நேரம் மாறும். வந்த தடுமாற்றம் எதனால் என்று சொல்லவே முடியாது. பயணத்தில் சிரிஞ்சும் புட்டியும் கைப்பையில் இருக்கட்டும். மாத்திரையைத் தூளாக்கிக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போகவேண்டாம். போலீஸ் சோதனையில் நிற்கும்போது அந்தப் பொட்டலத்துக்கு விளக்கம் சொல்வது உங்கள் வேலையாகிவிடும். லேபிளோடு கூடிய மருந்துப் பையை அப்படியே கொண்டுபோங்கள்.

தாங்க முடியாத அளவுக்கு வந்தால் முந்தைய அளவுக்குத் திரும்புவது தோல்வி அல்ல, அங்கேயே சில வாரம் நின்று, பிறகு இன்னும் சின்னப் படியாக இறங்கலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வலிப்பு, குழப்பமான பேச்சு, இல்லாததைப் பார்ப்பது, கடும் காய்ச்சலோடு நடுக்கம் என்றால் 999-க்கு அழையுங்கள், இல்லை நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். அளவு தப்பி அதிகம் குடித்துவிட்டால் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய விஷ மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கேட்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555-ஐ அழையுங்கள். இந்த எண்களையும் அந்தச் சுவர் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

சைபருக்கு வந்த பிறகும் சிரிஞ்சையும் மிச்ச மாத்திரையையும் உடனே தூக்கி எறியாதீர்கள். சிலருக்குத் தாமதமாகத்தான் விளைவு தெரியும், கடைசி அளவுக்கே கொஞ்ச நாள் திரும்பச் சொல்லி டாக்டர் சொல்லக்கூடும். பூட்டிய அலமாரியில் இரண்டு மாதம் கிடக்கட்டும். அடுத்த சந்திப்பில் அவர் "போதும்" என்றதும், மிஞ்சியதை மருந்துப் பையோடு அரசாங்க மருந்தகக் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். சிங்க்கிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள்.